அடுப்படியில் யார் இருந்தார்கள்?

("இல்லத்திற்கு இனிமை சேர்ப்பது பழைய அமைப்பே! புதிய அலங்காரமே!" என்ற தலைப்பில் காரைக்குடியில் நடந்த பட்டிமன்றத்தில், 'புதிய அலங்காரமே' அணியில் இரண்டாவதாகப் பேசியது)

பெருமைக்குரிய நடுவர் ஐயா அவர்களே! நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாலேயே குறிப்பெடுக்கப் பேனாவைத் திறந்துவிட்ட எதிரணி நண்பர்களே! என் அணித் தலைவர் அவர்களே! அரங்கம் நிறைய அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, "இந்த அம்மா பேச்சைக் கேட்டாவது நம்ம வீட்டுச் சுவருக்கு இவர் பெயின்ட் அடிப்பாரா"ன்னு கணவரை ஓரக்கண்ணால பார்த்துக்கொண்டிருக்கிற சகோதரிகளே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா இந்த மேடையிலேயே ஒரு வீட்டைக் கட்டிக் காட்டிட்டுப் போய் உட்கார்ந்திருக்காங்க. திண்ணை கட்டினாங்க. முகப்பு வச்சாங்க. தேக்குத் தூண் நிறுத்தினாங்க. முற்றத்தைத் திறந்துவிட்டு அதில் மழையைப் பெய்ய விட்டாங்க. பௌர்ணமி நிலாவையும் வரவழைச்சாங்க. கேட்கக் கேட்க, அந்த வீட்டுல ஒரு அறை வாடகைக்குக் கிடைக்குமான்னு எனக்கே ஆசையாப் போச்சு. ஆனால் ஐயா, திண்ணையில ஆரம்பிச்ச நீங்க முற்றத்தோட நின்னுட்டீங்களே! அதுக்குப் பின்னால இன்னும் ரெண்டு கட்டு இருக்கே! கடைசிக் கட்டு என்ன? அடுப்படி! அங்கே யார் இருந்தாங்க? (பலத்த கைதட்டல்)

வீட்டின் அழகைப் பாடியவர்கள் எல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள். அடுப்படியில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேளுங்கள், அவங்க வேற வீட்டைச் சொல்லுவாங்க.

நான் கேட்டிருக்கேன். எங்க அத்தை, அதாவது என் மாமியார், 1966-ல் கல்யாணமாகி வந்தாங்க. ஓட்டு வீடு. முன்பக்கம் பார்த்தா நீங்க சொன்ன அத்தனை அழகும் உண்டு. அடுப்படியில மட்டும் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதுவும் ஆறு மாசத்துல கரி பிடிச்சுக் கறுத்துப்போகும். ஐப்பசி கார்த்திகையில விறகு நனைஞ்சிருக்கும். ஊதுகுழலை எடுத்து ஊதினா, நெருப்பு வர்றதுக்கு முன்னால கண்ணுல தண்ணி வந்திடும். "அழுதா யாருக்கும் தெரியாத இடம் அது ஒண்ணுதாம்மா"ன்னு அத்தை சொல்லுவாங்க. அதை அவங்க சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குத்தான் சிரிக்க முடியல.

இன்னொண்ணு கேளுங்க. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பு. முகப்புக்கு ரெண்டு கை, கூடத்துக்கு ரெண்டு கை. வாளியில அடியில மிச்சமிருக்கிற சுண்ணாம்புத் தண்ணி எங்கே போகும்? அடுப்படிக்கு! வருஷத்துல முந்நூத்து அறுபத்தஞ்சு நாளும் ஒரு மனுஷி நின்னு வேலை பார்க்கிற இடத்துக்கு மிச்சத் தண்ணி. மாசத்துக்கு ஒரு விருந்தாளி வந்து அரைமணி நேரம் உட்கார்ற இடத்துக்கு ரெண்டு கை! இதுதான் ஐயா நீங்க சொல்ற பழைய அமைப்பு! (கைதட்டல்)

புகையை நான் பெரிசுபடுத்துறேன்னு நினைக்காதீங்க. வீட்டுக்குள் விறகும் கரியும் வறட்டியும் எரித்துச் சமைக்கிற புகையால் வந்த நோய்களில், 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஜன்னல் எங்கே வைக்கிறது, அடுப்பு எங்கே வைக்கிறது என்பது வெறும் அலங்காரப் பிரச்சினை இல்லை ஐயா. மூச்சுப் பிரச்சினை!

எதிரணித் தலைவர் 'மாடுலர் கிச்சன்' என்று சொல்லும்போதே முகத்தைச் சுளித்தார். "பணக்காரன் பவுசு, வெளிநாட்டு மோகம்" என்றார். வெளிநாட்டில் இருந்து வந்தது உண்மைதான். ஆனால் பணக்காரன் வீட்டில் இருந்து வந்ததா? அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லணும். நடுவர் ஐயா நேரம் தரணும்.

முதல் உலகப் போர் முடிந்த பிறகு ஜெர்மனியில் கடுமையான வீட்டுப் பஞ்சம். ஃபிராங்க்பர்ட் நகர நிர்வாகம் சாதாரண உழைக்கும் மக்களுக்காக வரிசை வரிசையாக வீடுகள் கட்டியது. அந்த வீடுகளுக்கு அடுப்படி வரைந்து கொடுக்க ஒரு பெண்ணை அழைத்தார்கள். மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி. ஆஸ்திரியாவின் முதல் பெண் கட்டடக் கலைஞர்களில் ஒருவர். 1926-ல் அவர் அந்த அடுப்படியை வரைந்தார். எப்படி வரைந்தார் தெரியுமா? வீட்டு வேலைகளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்குப் பார்த்தார். ஓடுகிற ரயிலில், அந்தச் சின்ன இடத்தில் நின்றுகொண்டு நூறு பேருக்குச் சமைக்கிறார்களே, அது எப்படி என்று பார்த்தார். அதுக்கப்புறம், சுமார் ஆறடி அகலம், பதினோரு அடி நீளத்தில் ஓர் அடுப்படி! ஜன்னலுக்கு நேர் கீழே காய் நறுக்கும் மேடை. உட்கார்ந்து வேலை செய்யச் சுழலும் முக்காலி. அரிசி, சர்க்கரைக்கெல்லாம் பெயர் எழுதிய அலுமினியப் பெட்டிகள். தேவைப்பட்டால் இறக்கி, முடிந்ததும் மடக்கிவிடும் இஸ்திரிப் பலகை.

இப்படிச் சுமார் பத்தாயிரம் வீடுகளில் வைத்தார்கள். இன்றைக்கு நம்ம ஊர்க் கடைகளில் 'மாடுலர்' என்று விற்கிறானே, அதுக்குப் பாட்டி இந்த அடுப்படிதான். பவுசுக்குப் பிறந்ததா இது? கால் வலிக்குப் பிறந்தது ஐயா! (கைதட்டல்) அந்த அம்மா வெறும் அலமாரி வரைந்தவர் என்றும் நினைத்துவிடாதீர்கள். நாஜிகளை எதிர்த்து ரகசியமாக வேலை செய்ததற்காக 1941-ல் கைதாகி, 1945 வரை சிறையில் இருந்தவர். 102 வயது வாழ்ந்து, 2000 ஆம் ஆண்டு ஜனவரியில் மறைந்தார்.

அந்த அடுப்படியிலும் ஒரு குறை சொன்னார்கள். அதில் ஒரே ஒரு ஆள்தான் நின்று வேலை பார்க்க முடியும். கதவைச் சாத்தினால் உள்ளே இருக்கிற பெண் தனியாள். நியாயமான குறைதான். அதுக்குப் பதில்தான் இன்றைக்கு வந்திருக்கிற 'ஓப்பன் கிச்சன்'. நடுச் சுவரை எடுத்துவிட்டு, அடுப்படியையும் கூடத்தையும் ஒண்ணாக்கிட்டாங்க. எதிரணித் தங்கை இதைக் கேலி பண்ணினாங்க. "தாளிச்சா சோபா வரைக்கும் மிளகாய் நெடி வருது"ன்னாங்க. வரட்டுமே தங்கச்சி! இத்தனை வருஷமா அந்த நெடி ஒருத்தி மூக்குக்கு மட்டும்தானே போச்சு? இனிமே எல்லாரும் சேர்ந்து தும்மட்டும்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) கூடத்துல உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறவர் ரெண்டு தும்மல் தும்மினார்னா, தானா எழுந்து வந்து சிம்னிக்கு சுவிட்ச் போடுவார். சுவிட்ச் எங்கே இருக்குன்னாவது அவருக்குத் தெரிய வரும்.

நடுவர்: உங்க வீட்டுல சார் போடுறாராம்மா?

எங்க வீட்டுல இன்னும் சுவரை எடுக்கலைங்க ஐயா. சுவர் இருக்கிற தைரியத்துலதான் அவர் இருக்கார். (சிரிப்பு)

ஆனா அடுப்படியை மாத்தினோம். அதைச் சொல்லாமல் எப்படி? வேலைக்கு வந்தவங்க அளவு எடுத்தாங்க. மேடை உயரம் முப்பத்தஞ்சு அங்குலம்னு எழுதினாங்க. ஏன்னு கேட்டேன். "ஸ்டாண்டர்டு சைஸ் மேடம். எல்லா வீட்டுக்கும் அதுதான்"னாங்க. எங்க அத்தை நாலே முக்கால் அடி உயரம். எந்த ஸ்டாண்டர்டுலயும் அடங்க மாட்டாங்க. நான் அத்தையைக் கூப்பிட்டு, "அத்தை, உங்களுக்கு எப்படி இருக்கணும், சொல்லுங்க"ன்னேன். அவங்க ரொம்ப நேரம் பேசல. "ஏம்மா, என்னையா கேக்குற?"ன்னாங்க. அறுபது வருஷமா சமைக்கிறவங்களை அன்னிக்குத்தான் முதல் தடவையா ஒருத்தர் கேட்டிருக்கோம்! அப்புறம் முழங்கையை மடக்கி, காய் நறுக்குற மாதிரி நின்னு காட்டினாங்க. அளந்து பார்த்தா முப்பத்திரண்டு அங்குலம். மூணே மூணு அங்குலம் ஐயா! அந்த மூணு அங்குலத்துலதான் ஒரு மனுஷியோட தோள் வலி இருக்கு. அடுத்ததா, "தெருவைப் பார்த்த மாதிரி ஒரு ஜன்னல் வைக்க முடியுமாம்மா?"ன்னாங்க. சுவரை இடிச்சு வச்சோம். சுவருக்கு மஞ்சள் கலந்த வெள்ளை அடிச்சோம். இப்ப காய்கறிக்காரர் வண்டி திரும்புறதுக்கு முன்னாலேயே அத்தை உள்ளேயிருந்து விலை கேட்டுருவாங்க. தெருவுல யார் வீட்டுக்கு யார் வர்றாங்கன்னு எங்க தெருவுக்கே அவங்கதான் செய்தி ஒலிபரப்பு. (சிரிப்பு)

சரி, பழமைக்கு வருவோம். இந்த ஊரிலேயே நின்றுகொண்டு நான் கேட்கிறேன். இந்தச் செட்டிநாட்டு மாளிகைகளை எல்லோரும் 'பழமை, பழமை' என்கிறார்கள். கட்டின அன்றைக்கு அவை பழமையா? பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கடல் கடந்து போய்த் தொழில் செய்த நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கட்டிய வீடுகள் இவை. தேக்கு பர்மாவில் இருந்து வந்தது. பளிங்கு இத்தாலியில் இருந்து வந்தது. நிலைக்கண்ணாடி பெல்ஜியத்தில் இருந்து வந்தது. இரும்பு இங்கிலாந்தில் இருந்து வந்தது. பூப்போட்ட ஓடுகள் ஜப்பானில் இருந்து வந்தன. ஐயா, உலகத்தில் எங்கே புதுசா எது வந்தாலும் அதைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து வீட்டில் வைத்த ஊர் இது! அன்றைக்கு ஒரு பட்டிமன்றம் நடந்திருந்தால் இந்த வீட்டுக்காரர்கள் எந்த அணியில் உட்கார்ந்திருப்பார்கள்? எங்க அணியிலதான்! (பலத்த கைதட்டல்)

அவர்கள் வாங்கி வந்ததோடு நிற்கவில்லை. வெளிநாட்டு ஓட்டைப் பார்த்தார்கள், நம்ம மண்ணில் செய்ய முடியாதா என்று யோசித்தார்கள். பக்கத்தில் ஆத்தங்குடி. ஒரு கண்ணாடிப் பலகையை வைத்து, அதன் மேல் உலோகச் சட்டம். அந்தச் சட்டத்துக்குள் சிமெண்டோடு கலந்த வண்ணக் கலவையைக் கையாலேயே ஊற்றி, பூவும் கொடியும் வரைந்து, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை. கண்ணாடி மேல் செய்வதால் கண்ணாடி மாதிரியே வழவழப்பு. மிதிக்க மிதிக்க மெருகு ஏறும். அப்ப அது புதுமை. இன்றைக்குப் பார்த்தால் பழமை. அவ்வளவுதான் வித்தியாசம்!

அந்தப் பழமை இப்ப என்ன நிலைமையில் இருக்கு? 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. போட்ட முதலும் போச்சு, வந்துகொண்டிருந்த பணமும் போச்சு. ஒரு வீட்டுக்கு நூறு பங்குதாரர். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். பூட்டிக் கிடந்த வீடுகளில் எத்தனையோ இடிக்கப்பட்டன. இந்த ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பாருங்கள். கதவு நிலையும் தூணும் பீங்கான் சட்டியும் கடை கடையாக விலைக்கு நிற்கின்றன. "ஆகா, என்ன அழகு!" என்று திண்ணையில் உட்கார்ந்து பெருமைப்பட்டது யாரையும் காப்பாற்றவில்லை. அப்புறம் யார் காப்பாற்றினார்கள்? நீங்க கேலி செய்கிற புது மோஸ்தர்தான் காப்பாற்றியது! பெங்களூரில் அடுக்குமாடி வீடு கட்டுகிறவன் "எனக்குக் கூடத்தில் ஆத்தங்குடித் தரை வேணும்" என்கிறான். கழிச்சுப்போட்ட தூணை வாங்கிப் போய்த் தன் வீட்டு வாசலில் நிறுத்துகிறான். பரணில் கிடந்த பித்தளை உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடுகிறான். சில மாளிகைகள் விடுதிகளாகி, அதில் பத்துப் பேர் வேலை பார்க்கிறார்கள். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. ஆத்தங்குடியில் இன்றைக்கு ஒரு தொழிலாளி கண்ணாடியைத் துடைத்து வண்ணம் ஊற்றுகிறார் என்றால், அதுக்குச் சம்பளம் கொடுப்பது உங்கள் பழம்பெருமை இல்லை ஐயா, எங்கள் புது அலங்காரம்! (கைதட்டல்)

எதிரணியில் பேசிய தமிழாசிரியர் ஐயா, "சங்கத் தமிழன் எளிமையாக வாழ்ந்தான். அலங்காரம் நமக்கு அந்நியம்" என்று ஒரே போடாகப் போட்டார். ஐயா, நெடுநல்வாடை உங்களுக்குத் தெரியாததா? நக்கீரர் அரண்மனைக்குள் நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறார். அங்கே சுவர் செம்பினால் செய்தது போல மின்னுகிறது. அந்தச் சுவரில் பல வண்ணப் பூக்களோடு ஒரு கொடி வரைந்திருக்கிறது. இன்றைக்கு நாங்க படுக்கையறையில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் பூப்போட்ட வால்பேப்பர் ஒட்டினால் கேலி செய்கிறீர்களே, அது அப்பவே இருந்திருக்கு! விளக்கு? பாவை ஒன்று கையில் ஏந்தி நிற்கும் விளக்கு. அதைச் செய்தவர்கள் யார்? யவனர்கள்! இறக்குமதி விளக்கு ஐயா! (சிரிப்பு, கைதட்டல்) கட்டிலுக்கு யானைத் தந்தத்தில் வேலைப்பாடு.

ஆனால் நக்கீரர் அதோடு விடவில்லை. இத்தனை அலங்காரத்துக்கு நடுவில், நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணில் நீரோடு ஒருத்தி படுத்திருக்கிறாள். பாண்டிமாதேவி. அரசன் போர்ப் பாசறையில் இருக்கிறான். அந்தச் சுவரும் விளக்கும் அவளுக்குத் துணையாகவில்லை. இதை நான் சொல்லாமல் விட்டால் எதிரணி எடுத்துச் சொல்லும் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கிறவளைக் கேட்காமல், அவளுக்காக இல்லாமல் செய்யும் அலங்காரம், சங்க காலத்தில் செய்தாலும் சரி, இன்றைக்குச் செய்தாலும் சரி, எனக்கு வேண்டாம்.

அதனால் இன்றைக்கு அலங்காரம் என்று சொல்லி விற்கிற எல்லாத்துக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. பளபளன்னு முகம் தெரியிற டைல்ஸ் போடுறாங்க. கூடத்துல போட்டாலாவது போகட்டும். குளியலறையிலும் அதையே போடுறாங்க! ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா அது சறுக்குமரம். எழுபது வயசுப் பெரியவங்க விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சா, அந்தக் குடும்பம் முழுக்கப் படுக்கையில விழுந்த மாதிரி. சொரசொரப்பான டைல்ஸ் இருக்கு, கேட்டு வாங்குங்க. அதைவிட விலையும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒன்பதடி உயரமே இருக்கிற அறையில 'பால்ஸ் சீலிங்' போட்டு, மின்விசிறியைத் தலைக்கு மேலே கொண்டுவந்து நிறுத்துறாங்க. அதுல இருபது விளக்கு! வீடா, நகைக்கடையா? கூடத்துக்குப் பால் மாதிரி வெள்ளை விளக்குப் போட்டா ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆயிடும். இளமஞ்சள் விளக்குப் போடுங்க. வெள்ளை வெளிச்சத்தைக் காய் நறுக்குற மேடைக்கு நேர் மேலே வைங்க, அங்கேதான் விரல் வெட்டுப்படும்! பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தந்துடும். கரண்ட் செலவு ஏறுக்கு மாறா இல்ல, இறங்கித்தான் வரும்.

கதவில்லாத திறந்த அலமாரி ஒண்ணு இப்ப புது மோஸ்தர். படத்துல பார்க்க நல்லா இருக்கு. நம்ம ஊர்த் தூசியில ரெண்டு நாள்ல டம்ளர் எல்லாம் திருநீறு பூசிக்கும். (சிரிப்பு) வெள்ளை சோபா வாங்குறவங்க வீட்டுல குழந்தை இருக்கக் கூடாது, இருந்தாலும் மாம்பழம் சாப்பிடக் கூடாது.

நடுவர்: அம்மா, நீங்க எந்த அணின்னு ஒரு தடவை சொல்லிட்டா நான் குறிச்சுக்குவேன். (பலத்த சிரிப்பு)

புதிய அலங்கார அணிதான் ஐயா! கடையில போய்ப் புடவையைப் புரட்டிப் பார்த்து, பத்தைத் தள்ளி ஒண்ணை எடுக்கிறவளைப் பார்த்து, "உனக்குப் புடவையே பிடிக்காதா?"ன்னு யாராவது கேட்பாங்களா? (கைதட்டல்)

அடுத்து, செலவு. எதிரணியின் பெரிய ஆயுதம் இதுதான். "கல்யாணக் கடன் அடையலை, இதுல வீட்டுக்கு அலங்காரமா?" என்றார்கள். நியாயம். ஆனா புதுமை என்றாலே லட்சம் லட்சமாய்ச் செலவு என்று யார் சொன்னது? கூடத்தில் நாலு நாற்காலியும் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டு இருக்கிறது. அதில் ரெண்டை ஒன்றுக்கொன்று எதிரெதிரே திருப்பிப் போட்டுப் பாருங்கள். காசு செலவில்லை. வீட்டில் பேச்சு வரும். சண்டையும் வரலாம், அது வேறு விஷயம். பரணில் கிடக்கிற பாட்டி காலத்துப் பித்தளைக் குத்துவிளக்கையும் தாழ்ப்பாள் போன மரப்பெட்டியையும் இறக்கிப் புளி போட்டு, எண்ணெய் போட்டுத் துடையுங்கள். இன்றைய மோஸ்தரே அதுதான். பெரிய நகரத்தில் அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

காசு செலவழிக்கிற இடத்தில் கேள்வி கேட்டுச் செலவழியுங்கள். அடுப்படி அலமாரி செய்ய வர்றவர்கிட்ட, சிங்க்குக்குக் கீழே என்ன பலகை போடுறீங்கன்னு கேளுங்க. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தண்ணி பட்டா அப்பளம் மாதிரி உப்பிடும். அங்கே தண்ணி தாங்குற மரைன் பிளைவுட் வேணும். ஐ.எஸ். 710 என்று பலகையில் அச்சடிச்சிருக்கும், நீங்களே குனிஞ்சு பாருங்க. பெயின்ட் அடிக்கப் போறீங்களா? வீட்டுக்கு அடிக்கும் பெயின்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முன்னால் அடித்த பழைய பெயின்டில் என்ன இருக்கோ யாருக்குத் தெரியும்? அதனால பழைய ஜன்னலையும் கதவையும் சுரண்டும்போது குழந்தைகளையும் பிள்ளைத்தாச்சிப் பெண்களையும் அந்தப் பக்கம் விடாதீங்க. காய்ஞ்சதைச் சுரண்டித் தூள் பறக்க விடாம, தண்ணி நனைச்சு உப்புத்தாள் போடச் சொல்லுங்க. பழமையிலும் விஷம் இருக்கும் ஐயா! (கைதட்டல்)

கடைசியா ஒரு இடத்துக்கு உங்களைக் கூட்டிட்டுப் போகணும். எதிரணியில மூணு பேர் பேசியும் அந்தப் பக்கமே யாரும் போகல. பழைய வீட்டில் குளியலறை எங்கே இருந்தது? கொல்லைக் கடைசியில்! முற்றம் தாண்டி, ரெண்டாம் கட்டு தாண்டி, ஒவ்வொரு நிலைப்படியும் முழங்கால் உயரம், அதைத் தாண்டி, கிணற்றடி தாண்டி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு வயசான அம்மாவுக்கு அவசரம் என்றால்? மகனை எழுப்பக் கூச்சம். மருமகளை எழுப்பப் பயம். அதனால சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே தண்ணி குடிக்கிறதையே நிறுத்திக்கிட்ட பெரியம்மாக்கள் எத்தனை பேர்! இந்த அரங்கத்திலேயே தலையாட்டுறீங்க, பார்க்கிறேன். (அரங்கில் அமைதி) அந்தத் தாகத்தை உங்க திண்ணைக்குத் தெரியுமா? உங்க தேக்குத் தூணுக்குத் தெரியுமா?

படுக்கையறையை ஒட்டியே ஒரு குளியலறை. வழுக்காத தரை. உட்கார்ந்து எழ நாற்காலி மாதிரி பீங்கான். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு எவர்சில்வர் கம்பி. கட்டிலில் இருந்து இறங்கிக் காலை வைத்ததும் தானாக எரிகிற குட்டி விளக்கு. இந்த நாலும் இன்றைக்குக் கடைத்தெருவில் கிடைக்கிறது. ஒரு அம்மா ராத்திரி எட்டு மணிக்கு ஒரு சொம்பு தண்ணியைப் பயமில்லாமல் குடிக்கிறாங்க. இதைவிட இனிமை எந்த வீட்டில் ஐயா இருக்கு? (நீண்ட கைதட்டல்)

நடுவர் ஐயா மணியில் கை வச்சுட்டாங்க. அடிக்கிறதுக்குள் ஒரே ஒரு வேண்டுகோள். தீர்ப்பை இந்த மேடையில் உட்கார்ந்து எழுதாதீங்க. ராத்திரி வீட்டுக்குப் போனதும் கூடத்தில் உட்காராமல் நேரா அடுப்படிக்குப் போங்க. அம்மா இட்லிக்கு மாவு கரைச்சுக்கிட்டு இருப்பாங்க. ஒரு பத்து நிமிஷம் அங்கேயே நில்லுங்க. உட்கார ஒரு முக்காலி இருக்கா, காத்து வருதா, விளக்கு எங்கே இருக்குன்னு பாருங்க. பார்த்துட்டு, "உனக்கு இங்கே என்ன மாத்தணும்?"னு அவங்களைக் கேளுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ, அதையே தீர்ப்பா எழுதிடுங்க. எங்க அணிக்குச் சம்மதம்!

நடுவர்: அம்மா, அங்கே போய் நின்னா எனக்கு இட்லி கிடைக்காது, ஜாமீன்தான் கிடைக்கும்! (பலத்த சிரிப்பு)